தானாக கரையும் நூல், சொட்டு சொட்டாக இறங்கும் மருந்து! ஆறாத புண்ணுக்கு வருமா 'நானோ இழை' கட்டு?

தஞ்சாவூர்:

சர்க்கரை நோயாளிக்கு காலில் புண் வந்துவிட்டால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டு மாற்ற அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போகிற அன்று கூலி கிடையாது. பழைய கட்டை பிரிக்கும்போது, ஒட்டிக்கொண்ட துணி புதிதாக வளர்ந்த சதையையும் சேர்த்து பிய்த்துக்கொண்டு வரும். மாத்திரை போட்டாலும் அது ரத்தத்தோடு உடம்பு முழுக்க சுற்றும். பாதத்தில் ரத்த ஓட்டமே குறைந்து போனவருக்கு, மருந்து தேவையான இடத்துக்கு போதிய அளவு போய் சேருவதில்லை. இப்படி ஆறாமல் போய் விரலையோ, காலையோ எடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழியாக ஆராயப்படுவதுதான் மருந்து கலந்த நானோ இழை. தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகம், சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் நானோ இழை பற்றிய ஆராய்ச்சி நடந்துள்ளது.

பஞ்சு மிட்டாய் மாதிரி

திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுவதை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக புரியும். அங்கே சக்கரம் சுழன்று சர்க்கரை பாகை நூலாக இழுக்கிறது. இங்கே இழுப்பது மின்சாரம். பாலிமர் என்ற பிளாஸ்டிக் போன்ற பொருளை திரவத்தில் கரைத்து, மருந்தையும் கலந்து ஊசி போடும் சிரிஞ்சில் அடைக்கிறார்கள். ஊசி முனைக்கு 10 ஆயிரம் முதல் 20 ஆயிரம் வோல்ட் வரை மின்சாரம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான்! முனையில் நிற்கும் சொட்டு நூலாக நீண்டு பாய்கிறது. போகிற வழியிலேயே ஈரம் காய்ந்து, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் தகட்டில் வெள்ளை துணி போல படிகிறது. தலைமுடியை நீளவாக்கில் 100 ஆக பிளந்தால் எவ்வளவு மெலிசோ, அவ்வளவு மெலிசு. சுத்தமாக புது சமாச்சாரம் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியை சேர்ந்த பார்மல்ஸ் என்பவர் 1934-லேயே இந்த முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எங்கே போகிறது நூல்?

உடம்புக்குள் பிளாஸ்டிக்கா என்று பயப்பட வேண்டாம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு தெரியும், உள்ளே போட்ட தையலை யாரும் பிரிப்பதில்லை, தானாக கரைந்துவிடும். அதே இனத்து பொருள்தான் இதுவும். பெயர் பி.எல்.ஜி.ஏ. உடம்பில் உள்ள தண்ணீர் பட்டு லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் என இரண்டாக உடைகிறது. தயிரை புளிக்க வைக்கும் அமிலம்தான் அந்த லாக்டிக். கடைசியில் கரியமில வாயுவாகவும், தண்ணீராகவும் வெளியேறிவிடும். இரண்டையும் சரிபாதி கலந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். லாக்டிக் பங்கை கூட்டினால் இன்னும் பல மாதம் தாங்கும். நூல் கரைய கரைய உள்ளே இருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக புண்ணிலேயே இறங்கும். கட்டை அடிக்கடி பிரிக்கும் வேலையும் குறையும். இதே பொருளில் செய்த குட்டி உருண்டைகளில் மருந்தை அடைத்து, மாதம் ஒரு முறை போடும் புராஸ்டேட் புற்றுநோய் ஊசி 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிக்கல் என்ன?

பெரிய தலைவலி முதல் நாள்தான். நூலின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும் மருந்து, போட்ட சில மணி நேரத்திலேயே மொத்தமாக கொட்டிவிடும். பிறகு புண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இதை தடுக்க ஊசிக்குள் ஊசி வைத்து, நடுவில் மருந்தும் சுற்றிலும் பாலிமருமாக ஒயர் போல இழுத்து பார்க்கிறார்கள். இன்னொன்று, ஒரு ஊசியில் ஒரு மணி நேரம் இழுத்தாலும் 1 கிராம் தேறுவதே கஷ்டம். பல ஊசி வைத்த மெஷின்கள் வந்துள்ளன என்றாலும், எல்லா இழையும் ஒரே கனத்தில் வர வேண்டும். சூடு காட்டி கிருமி நீக்கினால் நூல் உருகிவிடும்.

எலிகளிடம் நல்ல பலன் கிடைத்த ஆய்வுகள் நிறைய. மனிதர்களிடம் சோதித்தது குறைவு. கடையில் 'நானோ' என்று அச்சடித்து விற்கும் களிம்புக்கும் இந்த கரையும் நூலுக்கும் சம்பந்தம் கிடையாது. பெயரை பார்த்து காசை கொட்டிவிட்டு, டாக்டர் போடும் கட்டை நிறுத்தினால் போவது கால்தான்.