டீசலா... கேஸா...? தங்கச்சி வளையல் சொன்ன தீர்ப்பு!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியில் கை வைக்கிற நேரம் பார்த்துத் தங்கச்சி வீட்டுக்காரர் வந்து நின்றார்.

''மச்சான், சொந்தமா மினி லாரி எடுக்கப் போறேன். டீசல்தான் கெத்து!''

பின்னாடியே தங்கச்சி. கையில் வளையல் இல்லை. முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போயிருந்தது. பிரியாணி தொண்டையில் நின்றுவிட்டது சார்!

மறுநாள் மாப்பிள்ளையை மெக்கானிக் பாயிடம் இழுத்துப் போனேன்.

''டீசல் இன்ஜின் காத்தைப் பல மடங்கு அமுக்கும். அந்தச் சூட்டுலயே எண்ணெய் பத்திக்கும். அதனால மெதுவா சுத்தும்போதே இழுவை வரும். பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில உப்புத் தோல் ஏத்திக்கிட்டு ஏறணும்னா, டீசல்தான் ராஜா'' என்றார் பாய்.

மாப்பிள்ளை என்னை ஜெயித்த மாதிரி பார்த்தார்.

''அவசரப்படாதீங்க! சி.என்.ஜி. வண்டியில ஸ்பார்க் பிளக்தான் பத்த வைக்கும். காத்துக்கான இடத்துல கொஞ்சத்தைக் கேஸே பிடிச்சுக்கும். அதனால ஏத்தத்துல மூச்சு வாங்கும். ஆனா சமதரையில கிலோமீட்டருக்கு ஆகிற செலவு குறையும். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்புறம் டீசல் வண்டியில புகைக்கரி பிடிக்க ஃபில்டர் வைக்கிறாங்க. டவுனுக்குள்ளயே உருட்டினா அது அடைச்சுக்கும்.''

கேஸிலும் வில்லங்கம் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு! மூன்று வருஷத்துக்கொரு தடவை சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். பங்க்கில் க்யூ நிற்கும். மலைப்பக்கம் காலியானால் கேனில் வாங்கிவரவும் முடியாது.

தலை சுற்றியது. தீர்த்து வைத்தது தங்கச்சிதான்.

''வாடகை வண்டி ஓட்டினீங்களே, அந்த நோட்டை எடுங்க. எங்க போனீங்க, என்ன ஏத்தினீங்கன்னு பார்ப்போம்.''

பார்த்தோம். மாசத்தில் இரண்டே தடவைதான் மலை. மற்ற நாளெல்லாம் ராணிப்பேட்டையிலிருந்து பதனிட்ட தோல் கட்டு ஏற்றி ஆம்பூருக்கு. போக வர நூற்று ஐம்பது கிலோமீட்டர். எல்லாம் நெடுஞ்சாலை, சமதரை. கெத்து மாப்பிள்ளையின் மண்டையில் இருந்தது. லோடு நோட்டில் இருந்தது!

அப்புறம் என் வேலை. நீங்களும் போட்டுப் பாருங்கள். டீசல் லிட்டர் விலையை மைலேஜால் வகுங்கள். கேஸ் கிலோ விலையையும் அப்படியே. (கேஸ் கிலோ கணக்கு. லிட்டரோடு நேராக ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.) இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். உதாரணமாக, ஒரு வண்டி இன்னொன்றைவிட 60,000 ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றால், 30,000 கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பும். தினம் 150 ஓடினால் 200 நாள். தினம் 30 தான் ஓடுமென்றால் ஆயிரம் நாள்! அப்போது மிச்சம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒரு காலத்தில் டீசலுக்கு விலை மானியம் இருந்தது. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு போனபிறகு, ''டீசல்னா மலிவு'' என்ற பழைய பேச்சும் பாதி செத்துவிட்டது.

மாப்பிள்ளை கேஸ் வண்டியே எடுத்தார். மலைக்கு லோடு வந்தால் சிநேகிதரின் டீசல் வண்டியை அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பிடிக்கிறார். வேறு யாராவது தினமும் மலையேறுகிறவர் என்னிடம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு டீசல் என்றுதான் சொல்வேன்.

போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு வளையல் வந்திருந்தது.

''இன்னொண்ணு எங்கே?''

''இன்னும் பதினோராயிரம் கிலோமீட்டர்ல இருக்குண்ணே!'' என்றாள்.