முள்ளந்தண்டு ஊசியும் கவனயீன வழக்கும்

நோயாளி விழித்திருக்கவே, அவரது இடுப்பின்கீழ் மட்டும் உணர்ச்சியை அகற்றுதற்கு முள்ளந்தண்டு ஊசி பயன்படுகிறது. முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளினுள் மருந்து செலுத்தப்பட, ஆங்குள்ள நரம்புவேர்கள் சில மணிநேரம் செயலற்றிருந்து பின் மீளும். நரம்பைச் சிதைக்கும் பொருள் எதுவும் அம்மருந்தோடு கலந்துவிடின் அவை மீளா.

இங்கிலாந்தின் செஸ்டர்பீல்ட் நகர வைத்தியசாலையில் 1947 ஒக்டோபர் 13 இல் இத்தகைய கேடு நேர்ந்தது. ஒருவருக்கு முழங்காலிற் சத்திரசிகிச்சை. மற்றவருக்கு விதைப்பை நீர்க்கட்டு. இருவர்க்கும் நூப்பர்க்கெயின் என்னும் மருந்தை ஒரே வைத்தியரே ஏற்றினார். அதன்பின் இருவரும் எழுந்து நடந்திலர். நட்டஈடு கோரி அவர்கள் தொடுத்ததே சட்ட மாணாக்கர் இன்றும் பயிலும் ரோ வழக்கு.

பழுதின்றி இவ்வாறு நிகழுமோ, வைத்தியசாலையே விடை கூறுக என்பது வழக்காளிகளின் வாதம். விடையும் கூறப்பட்டது. மருந்துக் குப்பிகளின் புறத்தைத் தூய்மையாக்கும் பொருட்டு அவற்றைப் பீனோற் கரைசலில் அமிழ்த்தி வைத்தனர். கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகளினூடே பீனோல் உட்புகுந்தது என்றனர். அத்தகைய வெடிப்பின் அபாயத்தை 1947 இல் மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் மக்கின்ரொஷ் 1951 இலேயே தம் நூலில் எச்சரித்தார். கரைசலுக்கு ஆழ்ந்த நிறமூட்டின், உட்கசிவு தானே புலப்படும். எத்துணை எளிய பரிகாரம்! ஆயினும் பின்னர் பெற்ற அறிவைக் கொண்டு முன்னைய செயலை அளத்தலாகாது என, நீதியரசர் டெனிங் உள்ளிட்ட மேன்முறையீட்டு நீதிமன்று 1954 இல் வழக்கைத் தள்ளிற்று.

வைத்தியரைப் பொறுத்தவரை இது நேரிய தீர்ப்பே. ஆயின் குற்றம் எண்பிக்கப்பட்டாலன்றி ஈடு இல்லை என்னும் விதியின்கீழ், கால்களை இழந்த இருவரும் வெறுங்கையராய் மீண்டனர். பிழையை நாடும் சட்டத்துக்குத் துன்பத்தை அளக்கும் கோல் இல்லை. பிரித்தானியாவில் முள்ளந்தண்டு ஊசியும் பல்லாண்டு மதிப்பிழந்து கிடந்தது.

ஒரே நாளில் இரு குப்பிகள் வெடித்திருக்குமோ என்னும் ஐயம் அடங்கவில்லை. 1990 இல் மருத்துவ ஏடொன்றில் வேறொரு விளக்கம் வெளியாயிற்று: ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் உப்புப் படிவை நீக்க இட்ட அமிலம் முற்றாகக் கழுவப்படாது எஞ்சி, ஊசிவழியே உட்சென்றிருக்கலாம் என்பது. அஃது உண்மையாயின், பாத்திரத்தை அலசாமை 1947 இலும் எவர்க்கும் விளங்கக்கூடிய கவனயீனமே. தீர்ப்போ குப்பியின் வெடிப்பைக் கொண்டே எழுதப்பட்டுவிட்டது.