எத்தனை பேரில் ஒருவர்?



ஊரை விட்டுத் தில்லிக்குப் படிக்க வந்த நமக்கெல்லாம் வீட்டுச் செய்தி தொலைபேசி வழியாகத்தான் வருகிறது. நல்ல செய்தி உரத்த குரலில் வரும். கவலை தரும் செய்தியோ, பேச்சு முடிந்து வைக்கப் போகும் நேரத்தில் மெல்ல வரும். சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மா பேசினார். மழை, மஞ்சள் விலை, மாமன் மகள் திருமணம் எல்லாம் பேசி ஓய்ந்த பின்பு, “அந்த மாத்தரைய நிறுத்திப் போட்டேன் கண்ணு” என்றார். இரத்தக் கொதிப்புக்காக ஏழு ஆண்டுகளாக அவர் நாள்தோறும் உட்கொண்டு வந்த மாத்திரை அது. நிறுத்தி 23 நாட்கள் ஆகியிருந்தன.

காரணம் கேட்டேன். அடுத்த வீட்டு அத்தையின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்ததாம். இரத்தக் கொதிப்பு மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கும் விஷம் கலந்திருக்கிறது, பல நாடுகள் அதைத் திரும்பப் பெற்றுவிட்டன, மருந்தின் பெயர் ‘சார்டான்’ என்று முடியும், என்பது செய்தி. அம்மாவின் மாத்திரை டெல்மிசார்டான். பெயரின் வால் ஒத்துப் போயிற்று. மாத்திரை அலமாரிக்குள் போயிற்று. மறுநாள் செவிலியர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி அளக்கச் செய்தேன். 186-க்கு 108.

அந்தச் செய்தி பச்சைப் பொய்யாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். பொய்யென்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் அது பொய்யன்று. முக்கால் உண்மை. அதனாலேயே இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வால்சார்டான் என்னும் மருந்தை ஐரோப்பாவும் அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் திரும்பப் பெறத் தொடங்கின. சீனாவில் ஒரு தொழிற்சாலை செய்து விற்ற மருந்துச் சரக்கில் என்.டி.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நைட்ரோசோ டைமெத்தில் அமீன் கலந்திருந்தது. இதனை யாரும் வேண்டுமென்று கலக்கவில்லை. இரசாயனம் படிப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். வேறு துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

வால்சார்டான் மூலக்கூறில் டெட்ரசோல் என்றொரு வளையம் உண்டு. ஐந்து அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம். அவற்றுள் நான்கு நைட்ரஜன், ஒன்று கரி. இவ்வளையத்தைக் கட்ட அசைடு என்னும் பொருள் தேவை. வேலை முடிந்த பின் மிஞ்சிய அசைடு வெடிக்கும் இயல்புடையது. ஆகவே அமிலத்தில் சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்து அதனை அழிப்பார்கள். இவையெல்லாம் கரைந்திருக்கும் கரைப்பானோ டைமெத்தில் பார்மமைடு. அது சிறிது சிதைந்தால் டைமெத்தில் அமீன் பிறக்கும். நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரஸ் அமிலமும் இந்த அமீனும் சந்தித்தால் என்.டி.எம்.ஏ. தயார். கல்லூரிப் பாடப் புத்தகத்தில் உள்ள வினைதான். 2012-இல் அந்தத் தொழிற்சாலை தன் செய்முறையை மாற்றியபோது இச்சந்திப்புக்கு வழி பிறந்தது. ஆறு ஆண்டுகள் யாரும் தேடவில்லை, தேடாததால் கிடைக்கவுமில்லை.

டெல்மிசார்டான் மூலக்கூறில் டெட்ரசோல் வளையமே இல்லை. வளையம் கட்டாத இடத்தில் அசைடுக்கும் வேலை இல்லை, அதை அழிக்கும் நைட்ரைட்டுக்கும் வேலை இல்லை. அத்தை காட்டிய செய்திக்கும் அம்மாவின் மாத்திரைக்கும் பெயரின் கடைசி மூன்று நான்கு எழுத்துத்தான் உறவு. இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வளையமெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு” என்றார். அதுவும் நியாயமே. வளையம் இருந்த மருந்தையே அவர் உட்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் வளையத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வது சரியாகாது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அப்போதே ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டனர். கலப்படமான வால்சார்டானை, மிக உயர்ந்த அளவாகிய 320 மில்லிகிராம் வீதம், 8,000 பேர் நான்கு ஆண்டுகள் நாள் தவறாமல் உட்கொண்டால், அந்த 8,000 பேரின் வாழ்நாள் முழுவதிலும் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பது அக்கணக்கு. மாற்று மருந்து கைக்கு வரும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் அத்துறையே சொல்லிற்று. அத்தைக்கு வந்த செய்தியில் ‘விஷம்’ வந்தது, ‘8,000’ வரவில்லை, ‘நிறுத்தாதீர்கள்’ என்பதும் வரவில்லை, ஆண்டுகூட வரவில்லை. பழைய செய்திக்குத் தேதியை அறுத்துவிட்டால் அது என்றும் புதிதாகவே இருக்கும்.

‘கூடுதலாக ஒருவர்’ என்றால் எதற்கு மேல் கூடுதல்? நம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீட்டின்படி இந்தியரில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. அப்படியானால் இந்த மாத்திரையைக் கண்ணாலும் காணாத 8,000 பேரிலேயே ஏறத்தாழ 889 பேருக்கு வரும். மாத்திரை அதனை 890 ஆக்கக்கூடும்.

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்ப்போம். இரத்தக் கொதிப்பின் மேல்எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தால் பக்கவாதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்று, பற்பல ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான கட்டுரை காட்டுகிறது. ‘நான்கில் ஒரு பங்கு’ என்பதும் எதில் என்று தெரியாதவரை வெறும் சொல்லே. ஒரு பேச்சுக்கு, மருந்தின்றி விட்டால் சில ஆண்டுகளில் நூற்றுக்கு நால்வருக்குப் பக்கவாதம் வரக்கூடிய கூட்டம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். 8,000 பேரில் 320 பேர். மருந்து அவர்களில் 80 பேரைக் காக்கும். அந்த 80 பேரும் தாம் காக்கப்பட்டதை அறியமாட்டார்கள். வராத நோய்க்கு யாரும் கைப்பேசியில் செய்தி அனுப்புவதில்லை.

இதே வால்சார்டான் கதைக்குக் கனடாவில் ஒரு பின்கதை உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் அம்மருந்தை உட்கொண்டு வந்த ஏறத்தாழ 90,000 பேரை ஆய்ந்தார்கள். மருந்து திரும்பப் பெறப்பட்ட மறுமாதத்தில், இரத்தக் கொதிப்புக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தோர் 55 விழுக்காடு கூடியிருந்தனர். இதைப் படித்ததும் துள்ளினேன். ‘பார்த்தீர்களா, பீதியின் விளைவு!’ என்று இக்கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். பிறகுதான் அந்த 55 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். பதினாயிரம் பேரில் 11 பேராக இருந்தது 17 பேராகியிருந்தது. உண்மைதான், கவனிக்க வேண்டியதுதான். ஆனால் துள்ளுவதற்கு உரியதன்று. அத்தையிடம் நான் கண்ட குறையே என்னிடமும் இருந்தது. எனக்கு வேண்டிய பக்கத்துக்குச் சாதகமாக வந்ததால் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்க மறந்தேன்.

விழுக்காடு இப்படி வேடம் போடுவது புதிதன்று. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இருமடங்காகிறது என்று எச்சரிக்கை விடுத்தார்கள். ஏழாயிரம் பேரில் ஒருவர் என்றிருந்தது இருவர் ஆயிற்று. அதுதான் இருமடங்கு. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையை விட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நிற்க. இவ்வளவும் சொல்வதால், ‘மருந்தைப் பற்றி அஞ்சுவோரெல்லாம் அறியாதவர்’ என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்றொரு தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களுக்குக் குமட்டல் தீரவும் கொடுத்தார்கள். கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் மருந்தைத் திரும்பப் பெறுவதற்குள் உலகில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்னும் அம்மையார் மட்டும், ‘சான்று போதாது’ என்று அனுமதி தர மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் ஐயம் ஒரு தேசத்துக் குழந்தைகளைக் காத்தது. வள்ளுவர் அறிவுடைமையைப் பேசும் அதிகாரத்திலேயே அச்சத்துக்கும் இடம் கொடுத்திருப்பது காரணமின்றி அன்று. அங்கும் வேறுபாட்டைக் காட்டியது எண்ணிக்கைதான். மிக மிக அரிதாகவே பிறந்து வந்த அத்தகைய குழந்தைகள் ஊருக்கு ஊர் பிறக்கத் தொடங்கியபோது, மருத்துவர்கள் எண்ணிப் பார்த்துக் காரணத்தைத் தேடினார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் என்.டி.எம்.ஏ. ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற இரண்டாம் வரிசையில் உள்ளது. 65 பாகைக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பானமும் அதே வரிசையில்தான். இந்தப் பட்டியல் சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அன்று. பாம்புக்கு நஞ்சு உண்டு என்று உறுதியாகச் சொல்வது வேறு. அது உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறதா, உங்களைக் கடிக்குமா என்பது வேறு. மாத்திரையை நிறுத்தச் சொன்ன அத்தையின் வாயில் எந்நேரமும் கொட்டைப்பாக்கு இருக்கும். பாக்கு அந்தப் பட்டியலின் முதல் வரிசையில், ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில், இருக்கிறது. இதை அத்தையிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

இக்கணக்கையெல்லாம் சுருக்கி, அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவின் முன் உட்கார்ந்து சொன்னேன். எட்டாயிரம் பேரில் ஒருவர்தான் என்றேன். அம்மா சற்று நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “அந்த ஒருத்தி நானா இருந்துட்டா?”

இதற்கு என்ன விடை? நண்பர்களே, இந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் விடுதி அறையில் விழிக்க வைத்தது. கணக்குக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, அம்மா ஒருவர். 1693-இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்த அதே வானூலார், பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து ஓர் அட்டவணை செய்தார். எந்த வயதில் ஆயிரம் பேரில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்று அதில் காணலாம். யார் எஞ்சியிருப்பர் என்பதை அந்த அட்டவணையும் சொல்லாது. அதன் பின் மூன்று நூற்றாண்டுகளில் செய்த எந்த அட்டவணையும் சொன்னதில்லை. எங்கள் ஊர்ச் சோதிடரிடம் கூட்டம் குறையாததற்குக் காரணம் இதுதானோ என்று தோன்றுகிறது. அவர் ‘உனக்கு’ என்று ஒருமையில் பேசுகிறார். புள்ளியியலுக்குப் பன்மை மட்டுமே தெரியும்.

எனக்குக் கிடைத்த பாதி விடையை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். “நீங்கதான் அந்த ஒருத்தியான்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. மாத்தரைய உட்டா அந்த எம்பது பேர்ல ஒருத்தியா இருப்பீங்களான்னும் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் ஒருத்தி நிக்கிறா. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் எம்பது பேரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் பெயரைப் படித்து, ஒன்றைப் பிரித்து விழுங்கினார். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் எங்களைக் கடிந்துகொள்ளாமல் அளவைச் சரிசெய்து கொடுத்தார். பொங்கலுக்குள் 138-க்கு 84 ஆயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கேள்வி கேட்பது அம்மாவின் முறை. தில்லியின் கார்த்திகை மாதக் காற்றைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த நாளளவு ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இங்கே அந்த மாதங்களில் அதைப் போல் பத்து மடங்கைத் தாண்டும் நாட்கள் பல. அக்காற்றை உள்ளிழுத்தபடியேதான் நாம் நூலகத்துக்கு நடக்கிறோம், இரவில் கடைவாசலில் நின்று தேநீர் குடிக்கிறோம், இனிப்புப் பானத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விவாதிக்கிறோம். “அது எத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கண்ணு?” என்று சென்ற வாரம் கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முகமூடி வாங்கினாயா என்றார். இன்னும் இல்லை என்றேன்.