புளித்த மாவும் புதிய நாடும்

ஜெர்மனியில் ரொட்டி அன்றாட உணவாகும். அந்நாட்டினர் இரவு உணவை 'ஆபென்ட்புரோட்' என்பர். 'மாலை ரொட்டி' என்பதே அச்சொல்லின் பொருள். வெளிநாட்டில் குடியேறிய ஜெர்மானியர் பலர் முதலில் ஏங்குவது இந்த ரொட்டிக்காகத்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மென்மையான வெள்ளை ரொட்டி எங்கும் கிடைக்கும். ஆனால், ஜெர்மானியர்கள் விரும்புவது கறுத்த, கனமான, சற்றே புளிப்பான ரை ரொட்டி. ரை என்பது குளிர்நாடுகளில் விளையும், கோதுமையை ஒத்த ஒரு தானியம். எனவே, இங்கு வாழும் சிலர் அந்த ரொட்டியை வீட்டிலேயே செய்கின்றனர்.

முதலில், ரை மாவையும் நீரையும் சம எடையில் கலந்து மூடி வைக்க வேண்டும். நாள்தோறும் அதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டுப் புதிய மாவும் நீரும் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, மாவு நுரைத்துப் பொங்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போல, இதில் சிறிதளவை எடுத்து ரொட்டி மாவில் கலப்பர்.

இந்தப் புளிப்பு சுவைக்காக மட்டுமன்று. ரை மாவிலுள்ள நொதிகள், ரொட்டி வேகும்போது மாவுச்சத்தைச் சிதைக்கக்கூடியவை. அவ்வாறு சிதைந்தால் ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுப்பாகிவிடும். புளிப்பு அந்நொதிகளைக் கட்டுப்படுத்துகிறது.

ஆயினும், ஜெர்மனியின் செய்முறையை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. அங்கு வீட்டின் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இங்கோ 30 பாகையை எட்டும். அங்கு ஓர் இரவு முழுவதும் புளிக்கும் மாவு இங்குச் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். அதற்குமேல் விட்டுவைத்தால் மாவு தளர்ந்து, ரொட்டி தட்டையாகிவிடும்.

ஆகவே, இங்குள்ளோர் புளித்த மாவைக் குறைவாகச் சேர்க்கின்றனர். குளிர்ந்த நீரால் பிசைகின்றனர். கடிகாரத்தைவிட, மாவு எவ்வளவு பொங்கியுள்ளது என்பதையே கவனிக்கின்றனர். ஈரப்பதம் மிகுந்த காற்றில் ரொட்டி விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆறிய ரொட்டியைத் துண்டுகளாக்கி உறையவைத்துப் பாதுகாக்கின்றனர்.

குளிர்நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல் எழுகிறது. அங்குத் தோசை மாவு எளிதில் புளிக்காது. எனவே, அவர்கள் மாவுப் பாத்திரத்தைக் கதகதப்பான இடத்தில் வைத்துக் காத்திருக்கின்றனர். வீட்டுச் சுவை மாறாமல் இருக்க, இரு சாராரும் செய்முறையை மாற்றிக்கொள்கின்றனர்.