சோவியத் யூனியனில் எல்லோருக்கும் பென்ஷன் கிடைத்ததா?

ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் சாலையில் இருக்கிறது வன்னியம்பட்டி. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரே தெருவில் மில்லுக்குப் போகிறவரும் இருப்பார், காட்டு வேலைக்குப் போகிறவரும் இருப்பார். மில்லில் நிரந்தர வேலை என்றால் இஎஸ்ஐ, பிஎஃப் உண்டு. காட்டில் கூலி வேலை என்றால் ரெண்டும் கிடையாது.

'கம்யூனிஸ்ட் நாடா இருந்தா எல்லாருக்கும் ஒண்ணா கிடைச்சிருக்கும்ல?' என்று சிலருக்குத் தோன்றலாம். சோவியத் யூனியனில் என்ன நடந்தது?

என்ன கிடைத்தது?

மருத்துவம் இலவசம். வீட்டு வாடகை மிகக் குறைவு. 1956-ல் மேல்நிலைப் பள்ளி, கல்லூரிக் கட்டணங்கள் ரத்தாயின. மகப்பேறு விடுப்பு 77 நாளிலிருந்து 112 நாளானது. அதே ஆண்டு வந்த பென்ஷன் சட்டத்தின்படி ஆண்கள் 60 வயதிலும், பெண்கள் 55 வயதிலும் ஓய்வு பெறலாம்.

யாருக்குக் கிடைக்கவில்லை?

கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு. 1956 பென்ஷன் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கான அரசு பென்ஷன் 1965-ல்தான் தொடங்கியது. அதிலும் வயது ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60. குறைந்தபட்சத் தொகை மாதம் 12 ரூபிள். ஆலைத் தொழிலாளிக்கோ குறைந்தபட்சம் 30 ரூபிள்.

சரி, கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போய்விடலாமே? அதுவும் சுலபமில்லை. 1932-ல் உள்நாட்டு பாஸ்போர்ட் முறை வந்தது. பெரும்பாலான கிராமத்தினருக்கு அது தரப்படவில்லை. அதில்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. எல்லோருக்கும் தருவது என்று முடிவானது 1974-ல்தான்.

ஏன் இப்படி?

தொழில்மயமாக்கலுக்கு முன்னுரிமை தந்த அரசு, கிராமத்திலிருந்து குறைந்த விலைக்குத் தானியத்தை எடுத்துக்கொண்டது. 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தபோதும் கொள்முதல் நிற்கவில்லை. இன்னொரு பக்கம், வீடு, குழந்தைகள் காப்பகம், ஓய்வு இல்லம் எனப் பல சலுகைகள் ஆலை வழியாகவே வந்தன. 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்க சுதந்திரமான சங்கமோ, பத்திரிகையோ, எதிர்க்கட்சியோ கிடையாது.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி குடும்ப அட்டைக்கு வருகிறது. சத்துணவு பள்ளிக்கு வரும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. அப்பா மில்லா, காடா என்று யாரும் கேட்பதில்லை. பிஎஃப் பென்ஷன் மட்டும் இன்னும் வேலை பார்க்கும் இடத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. காட்டு வேலைக்காரர் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டு, தகுதியை நிரூபிக்க வேண்டும்.

சோவியத் விவசாயி காத்திருந்தார், கேட்க வழியில்லாமல். இங்கே கிராம சபை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. கேட்கலாம்.