டார்வினின் பென்சில் குறிப்புகள்

பரீட்சை நேரத்தில் மாணவர்களின் புத்தகங்களைப் புரட்டினால் பக்கம் முழுக்க மஞ்சள் கோடுதான். எல்லா வரியும் முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமில்லை என்றாகிவிடுகிறது. ஜான் டன்லாஸ்கியும் சக உளவியலாளர்களும் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, வண்ணக்கோடு இழுப்பதைக் குறைந்த பலன் தரும் முறைகளில் சேர்த்தார்கள். தன்னைத்தானே கேள்வி கேட்டுச் சோதித்துக்கொள்வது அதிகப் பலன் தரும் முறையாகத் தேறியது.

அப்படியானால் புத்தகத்தில் குறியே போடக் கூடாதா? போடலாம். எப்படி என்பதற்கு சார்லஸ் டார்வினைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியவில்லை.

படிக்கும்போது டார்வின் கையில் பென்சில் இருக்கும். தேவையான இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு. பல இடங்களில் அதனருகே தன் கருத்தையும் சுருக்கமாக எழுதுவார். படித்து முடித்ததும், குறியிட்ட பக்கங்களின் எண்களைப் புத்தகத்தின் கடைசியில் பட்டியலிடுவார். பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் திரும்பப் பார்த்துச் சுருக்கம் எழுதுவார். ஒரே புத்தகத்தின் சுருக்கம் மூன்று நான்கு தலைப்புகளாகப் பிரிந்து தனித்தனித் தாள்களில் இருக்கும். அவற்றைப் போட்டுவைக்க, பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகளில் முப்பது நாற்பது பெரிய கோப்புறைகள். புதிதாக ஒன்றை எழுத உட்காரும்போது அவர் முதலில் புரட்டியது இந்தப் பட்டியல்களைத்தான். திரும்பத் தேடி எடுக்க முடியாத குறிப்பால் ஆராய்ச்சிக்கு என்ன பயன்?

அவருடைய இன்னொரு பழக்கத்தை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தன் முடிவுக்கு எதிரான தகவல் எங்கே தட்டுப்பட்டாலும் அதை அந்தக் கணமே எழுதிவைத்துவிடுவார். சாதகமானவை மனதில் தங்கும், பாதகமானவை சீக்கிரம் நழுவிவிடும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார். 1859-ல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தபோது எழுந்த மறுப்புகளில் பெரும்பாலானவற்றை அவர் முன்பே கவனித்து, பதில் சொல்லவும் முயன்றிருந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

அடுத்து படிக்கும் புத்தகத்தில் செய்து பாருங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு கேள்வியோ மறுப்போ எழுதுங்கள். பக்க எண்ணைக் கடைசி வெற்றுத்தாளில் குறியுங்கள். நூலகப் புத்தகமானால் பென்சிலைக்கூட வைக்காதீர்கள். தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரவல் புத்தகங்களுக்கு டார்வினும் அப்படித்தான் செய்தார்.