உள்ளக வலையமைப்பின் வேகமும் மூன்றாம் அடுக்குச் சுவிட்சும்

சென்ற வருடம் ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் என்னை அழைத்திருந்தார்கள. கணினி அறையில் எல்லாமே "இழுக்குது" என்பது முறைப்பாடு. வேகம் கூடிய இன்டர்நெட் இணைப்பொன்றை எடுப்பதென்று தீர்மானித்து, ஊரில் காசும் சேர்த்துவிட்டார்கள்.

"தம்பி, எந்தப் பெக்கேஜ் எடுக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்க" என்றார் அதிபர்.

"சேர், முதல்ல ஒருக்காப் பாப்பம்" என்றேன்.

பார்த்தபோது விடயம் வேறாக இருந்தது. பிள்ளைகள் திறந்த பாட வீடியோக்கள் பாடசாலைக்குள்ளேயே இருந்த சேர்வரில் இருந்தன. வெளியே போகாத தரவுக்கு வெளி இணைப்பைப் பெருப்பித்து என்ன பயன்? ஊராரின் காசு வீணாகப் போக இருந்தது. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

சாதாரண சுவிட்ச் செய்யும் வேலை எளிது. ஒவ்வொரு கணினியின் வலையட்டைக்கும் 48 பிட் கொண்ட மெக் முகவரி உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறதென்று சுவிட்ச் கற்றுக்கொண்டு, தரவை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். 1990 இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட்டுகளுடன் வெளியிட்ட ஈதர்சுவிட்ச் இதன் முன்னோடி. 1994 இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை வாங்கியது.

ஆனால் "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்பது போன்ற பொது அறிவிப்புகளை சுவிட்ச் எல்லாருக்கும் அனுப்பத்தான் வேண்டும். கணினிகள் கூடக்கூட இந்தச் சத்தமும் கூடும். மாணவர் கணினியும் புள்ளிப்பதிவுகள் உள்ள அலுவலகக் கணினியும் ஒரே வலையில் கிடப்பதும் நல்லதல்ல. ஆகவே ஒரே சுவிட்சைப் பல தனி வலைகளாகப் பிரிக்கிறோம். இவை வீலேன் எனப்படும். 1998 இல் வெளியான 802.1கியூ நியமத்தின்படி 4094 வீலேன்கள் வரை வகுக்கலாம்.

பிரித்தாயிற்று, இனி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதெப்படி? அதற்கு ரவுட்டர் வேண்டும். சிக்கல் இங்கேதான். அந்தப் பாடசாலையில் சேர்வர் ஒரு வீலேனில், மாணவர் கணினிகள் இன்னொன்றில். தரவு சுவிட்சிலிருந்து ஒரு கேபிள் வழியாக ரவுட்டருக்குப் போய், அதே கேபிளால் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுக்கச் சந்திவரை போய்த் திரும்புவது போல.

கணக்கைப் பாருங்கள். ரவுட்டரின் போர்ட் 100 மெகாபிட். 40 பிள்ளைகள் ஒரே நேரத்தில் விநாடிக்கு 4 மெகாபிட் வீடியோவைத் திறந்தால் தேவை 160. ஆளுக்குக் கிடைப்பது கூடினால் இரண்டரை. இழுக்காமல் என்ன செய்யும்?

மூன்றாம் அடுக்குச் சுவிட்ச் இந்தப் பயணத்தையே இல்லாமலாக்குகிறது. அது மெக் முகவரியோடு ஐபி முகவரியையும் வாசிக்கும். போகவேண்டிய வலையைத் தன் அட்டவணையில் பார்த்து, மெக் முகவரிகளை மாற்றி, பொதியின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைத்து, உரிய போர்ட்டால் விடும். சிறிய ரவுட்டர்களில் இவ்வேலையை மென்பொருள்தான் பெரும்பாலும் செய்யும். இங்கோ இதற்கென்றே வடித்த சிப் செய்கிறது. 24 கிகாபிட் போர்ட்டுகளும் முழு வேகத்தில் ஓடினால், மிகச் சிறிய பொதிகளாக விநாடிக்கு சுமார் 3 கோடி 57 இலட்சம் வரும். தரமான சுவிட்ச் அதையும் தாங்கும். நமது 160 மெகாபிட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

வாங்கிப் பூட்டினால் மட்டும் போதாது. கணினிகளின் கேட்வே முகவரி இனி சுவிட்சாக இருக்கவேண்டும். பழையபடி ரவுட்டரைக் காட்டினால் தரவு பழைய வழியிலேயே சுற்றும். உள்வலைகளுக்குத் திரும்பும் பாதையை ரவுட்டரிலும் எழுதவேண்டும்; இல்லாவிட்டால் இன்டர்நெட் நின்றுவிடும். மாணவர் வலையிலிருந்து அலுவலக வலைக்குப் போவதை அனுமதிப் பட்டியலால் தடுக்கவேண்டும். வெளியுலகத் தொடர்புக்கும் பாதுகாப்புக்கும் ரவுட்டர் தொடர்ந்து தேவை. ஒரே வலையுள்ள வீட்டுக்கோ சிறு கடைக்கோ இந்தச் சுவிட்ச் வீண் செலவு.

காசு செலவழிக்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பெரிய ஃபைல் ஒன்றை சேர்வரிலிருந்து அதே வீலேனில் உள்ள கணினிக்கும், பிறகு வேறு வீலேனில் உள்ள கணினிக்கும் பிரதி செய்யுங்கள். முதலாவது வேகம், இரண்டாவது மந்தம் என்றால் நடுவிலுள்ள ரவுட்டரில்தான் நெருக்கடி. இரண்டுமே மந்தமென்றால் கேபிளையும் சேர்வரையும் பாருங்கள். இரண்டும் வேகம், வெளித்தளங்கள் மட்டும் மந்தமென்றால் அப்போது பெக்கேஜைப் பற்றிக் கதைக்கலாம்.

அந்தப் பாடசாலையில் இன்டர்நெட் இணைப்பு பழையதேதான். சுவிட்ச் மட்டும் மாறியது. 40 பிள்ளைகளும் ஒன்றாக வீடியோ பார்க்கிறார்கள். "அப்ப நாங்க மாசாமாசம் சும்மா கட்டியிருப்பமே" என்றார் அதிபர். உண்மைதான். பெக்கேஜ் மாதாமாதம் செலவு. இது ஒருமுறைச் செலவு.